ஸ்மித் ஆச்சியின் பழமும் உடன்குடிக் கருப்பட்டியும்

டொராண்டோ
அக்டோபர் 26

அன்புள்ள ஆச்சிக்கு,

பேரன் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். இந்த வரி இல்லாத கடிதத்தை நீங்கள் கடிதம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் முதலில் அதைப் போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “என்னலே இது, மாட்டுக்கு ஊற வச்ச புண்ணாக்கு மாரி இருக்கு?” அதன் பெயர் ஆப்பிள் கிரிஸ்ப் என்றேன். “கிறுக்கா? யாருக்குலே கிறுக்கு?” என்றீர்கள். பின்னால் அத்தை சிரிக்கிற சத்தம் வேறு. இதற்கு மேல் போனில் சரிப்படாது என்றுதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். நீங்களும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தார்சாவில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

அம்பையில் ஐப்பசி மழை பிடித்திருக்கும். இங்கே இலை கொட்டுகிறது. மேப்பிள் மரமெல்லாம் செம்பருத்தி மாதிரி சிவந்து நிற்கின்றன. இன்னும் ஒரு வாரத்தில் மொட்டை. ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நான் இருப்பது ஒரு வீட்டின் கீழ்த்தளம், பாதி பூமிக்குள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டில் போகிறவர்களின் கால்தான் தெரியும். மேலே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். வயது 78. உங்களுக்கு நாலு வயது இளையவர், ஆனால் தானே கார் ஓட்டிக்கொண்டு கடைகண்ணிக்குப் போய்வருகிறார்.

இந்த நாட்டில் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு பண்டிகை. விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். நம்ம பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் மேலேயிருந்து பட்டை வாசனை இறங்கி வந்தது. எனக்கு மேலப்பாளையம் பிரியாணிதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி அந்த அம்மா நீட்டிய கிண்ணத்தில் பிரியாணி இல்லை. ஆவி பறக்க வெந்த ஆப்பிள் துண்டுகள், மேலே பொன்னிறத்தில் மொறுமொறுவென்று ஒரு மூடாக்கு, அதற்கும் மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் உருகி வழிந்துகொண்டிருந்தது. சூட்டின் மேல் ஐஸைப் போட்டுத் தின்றால் சளி பிடிக்கும் என்பீர்கள். பிடிக்கவில்லை. அந்த மொறுமொறுப்பு எதில் செய்தது என்று கேட்டேன். ஓட்ஸ் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம வீட்டுக்குள் ஓட்ஸ் வந்ததே மாமாவுக்கு சுகர் என்று டாக்டர் சொன்ன மறுநாள்தானே? நீங்கள் அதை உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் கொடுப்பீர்கள். மாமா விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு குடிப்பார். ஆப்பிள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும். நம்ம ஊரில் சீக்காளிக்கென்றே வைத்திருக்கிற இரண்டு சாமானையும் ஒன்றாகச் சேர்த்து இவர்கள் பண்டிகைக்குப் பலகாரம் செய்கிறார்கள்.

தாத்தா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது கட்டில் பக்கத்து ஸ்டூலில் குவிந்ததும் ஆப்பிள்தான். ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் அப்படியே இருந்தன. “சவத்துல என்னலே ருசி, நனைஞ்ச பஞ்சு மாரி. ரெண்டு கோழிக்கூடு வாழைப்பழம் வாங்கிட்டு வா” என்றார். கீழே போய் வாங்கி வந்தேன். அதையும் பாதிதான் தின்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அந்த ஆப்பிளில் நாலைந்து அடுக்களை மேடையில் சுருங்கிக் கிடந்தன. நீங்கள் அவற்றைத் தூரப் போடவும் இல்லை, எங்களுக்கு நறுக்கித் தரவும் இல்லை. அதிலிருந்து ஆப்பிள் என்றாலே எனக்குப் பினாயில் வாசம்தான் வரும். இங்கே வந்த எட்டு மாதத்தில் காசு கொடுத்து ஒரு ஆப்பிள் வாங்கினதில்லை. இந்தக் கிண்ணத்தை மட்டும் விரலால் வழித்துத் தின்றேன்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. கேசரி கிண்டி, அதே கிண்ணத்தில் வைத்து மேலே கொண்டுபோனேன். அந்த அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு, சனிக்கிழமை பழம் பறிக்கப் போகிறேன், நீயும் வா என்றார்.

காரில் ஒரு மணி நேரம். வாசலில் ஒரு பைக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு நாமே உள்ளே போய்ப் பறித்துக்கொள்ளலாம். ஆப்பிள் மரம் நம்ம மாமரம் மாதிரி ஓங்கி இருக்கும் என்று நினைத்திருந்தேன். குட்டையாக வளர்கிற வேரில் ஒட்டுக் கட்டியிருப்பதால் எல்லாம் கைக்கு எட்டுகிற உயரம்தான். தொரட்டிக்கு வேலையே இல்லை. பழத்தைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். மேலே தூக்கி லேசாகத் திருக வேண்டுமாம். இழுத்தால் காம்போடு அடுத்த வருஷத்து மொட்டும் சேர்ந்து வந்துவிடும். மரத்தடியில் பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் பழம் கொட்டிக் கிடக்கிறது. தாத்தாவின் ஸ்டூலில் மரியாதையாக உட்கார்ந்திருந்த அதே சாமான், இங்கே குளவி மொய்த்துச் செருப்புக்காலில் மிதிபடுகிறது. எனக்கு முதலில் கால் வைக்கவே மனசு வரவில்லை.

இந்த மரத்துக்குக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் வேண்டும், தூங்கினால்தான் அடுத்து பூக்கும். அதனால்தான் நம்ம பக்கம் இது வளர்வதில்லை, காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் லாரியில் வர வேண்டியிருக்கிறது. மரத்திலிருந்து பறித்த கையோடு ஒன்றைக் கடித்தேன். தாத்தாவுக்கு ஒரே ஒரு தரம் இதைக் கொடுத்திருக்கலாம். பஞ்சு என்று சொல்லியிருக்க மாட்டார்.

நான் பறித்தது மெக்கின்டாஷ் என்ற சாதி. இந்த ஒன்டாரியோ மாகாணத்திலேயே 1811-இல் மெக்கின்டாஷ் என்ற விவசாயி காட்டைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது. ஆப்பிளும் மாங்காய் போலத்தான், விதை போட்டால் தாயைப் போல வராது; ஒட்டுத்தான் கட்ட வேண்டும். அதனால் உலகத்தில் இருக்கிற மெக்கின்டாஷ் எல்லாமே அந்த ஒரே கன்றின் ஒட்டு. தங்கச்சி ஆசைப்படுகிறாளே மேக் கம்ப்யூட்டர், அதன் பெயரும் இந்தப் பழத்திலிருந்து வந்ததுதான். சமைக்கப் புளிப்பான, கெட்டியான பழம் எடு என்று அந்த அம்மா சொன்னார். மெக்கின்டாஷ் வாசனையாக இருக்கிறதே என்று நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் ஓவனைப் பற்றவைத்தேன். இங்கே எல்லா வீட்டிலும் அடுப்புக்குக் கீழேயே ஓவன் உண்டு. நான் அதை அலமாரி என்று வைத்துக்கொண்டு எட்டு மாதமாகச் சட்டி, தட்டு எல்லாம் அதற்குள்தான் அடுக்கியிருந்தேன். வெயிலையும் குளிரையும் செல்சியஸில் சொல்கிற ஜனங்கள் ஓவனை மட்டும் ஃபாரன்ஹீட்டில் வைத்திருக்கிறார்கள். 350 என்றால் நம்ம கணக்கில் 177. திருகிவிட்டுப் பழம் நறுக்கப் போனேன். பத்து நிமிஷத்தில் ஒரு நாற்றம். உள்ளே ஊறுகாய் டப்பாவின் மூடி உருகிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. புகை அலாரம் கத்த, மேலேயிருந்து அந்த அம்மா இறங்கி ஓடிவந்தார்.

அதோடு விட்டதா? மெக்கின்டாஷ் வெந்து கூழாகிவிட்டது. வெண்ணெயை உருக்கி ஊற்றினேன். வாங்கினதும் சீக்கிரம் வேகிற பொடி ஓட்ஸ். மேலே மொறுமொறுப்பு வர வேண்டிய இடத்தில் உளுந்தங்களி பதத்தில் ஒரு ஆடை. நீங்கள் போட்டோவில் பார்த்தது அதைத்தான். புண்ணாக்கு என்றது சரிதான் ஆச்சி, போனில் ஒத்துக்கொள்ள ரோஷமாக இருந்தது.

நேற்று மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை கடையில் பச்சை ஆப்பிள் ஆறு வாங்கினேன். அதன் பெயர் கிரானி ஸ்மித். அப்படியே தமிழில் சொன்னால் ஸ்மித் ஆச்சி! ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கம் 1868 வாக்கில், ஸ்மித் என்ற ஒரு பாட்டி தூரப் போட்ட ஆப்பிள் குப்பையிலிருந்து தானாக முளைத்த கன்று என்பார்கள். நீங்கள் அங்கணத்துக்குப் பின்னால் துப்பிய பப்பாளி விதை மரமாகிக் காய்க்கிறதே, அந்தக் கதைதான். அதற்கு உங்கள் பெயரை வைக்க நமக்குத் தோன்றவில்லை.

தோலைச் சீவி, கால் அங்குலக் கனத்துக்கு நறுக்கினேன். வாழைக்காய் மாதிரியே இதுவும் நறுக்கின கையோடு கறுத்துப்போகும், எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொஞ்சம் சீனி, ஒரு கரண்டி மைதா, பட்டைத்தூள். கறிக்குழம்புக்குப் போடுகிற பட்டையை இனிப்பிலா என்று முகம் சுளிக்காதீர்கள், நான் பாதி குறைத்துவிட்டுச் சுக்குத்தூள் சேர்த்தேன்.

மேல்மாவில்தான் சூட்சுமம். ஒரு கப் ஓட்ஸ், அவல் மாதிரி தட்டையாக இருக்கிற முழு ஓட்ஸ். முக்கால் கப் மைதா. முக்கால் கப் சர்க்கரை. ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் இங்கே 454 கிராம் கட்டியாக வரும், அதில் கால்வாசி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி போகக் கூடாது. அதைத் துண்டு துண்டாகப் போட்டு விரல் நுனியால் பிசற வேண்டும். உள்ளங்கை பட்டால் சூட்டுக்கு உருகிவிடும். எவ்வளவு நேரம் பிசற என்று கேட்டதற்கு அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, செய்துதான் காட்டினார். ஒரு பிடி அள்ளி இறுக்கினார், கொழுக்கட்டையாக நின்றது; கட்டைவிரலால் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. ஆச்சி, அது நீங்கள் புட்டுக்கு மாவு விரவிப் பார்க்கிற அதே பார்வை! பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். அதற்குப் பிறகு எனக்கு ஒரு அளவும் வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் என் இஷ்டத்துக்கு ஒன்று செய்தேன். இவர்கள் பழுப்புச் சர்க்கரை போடுவார்கள். அது வெள்ளைச் சீனியில் மொலாசஸ் என்கிற கரும்புப்பாகுக் கசண்டைக் கலந்தது. கடையில் தொட்டுப் பார்த்தால் ஈரமணல் மாதிரி இருக்கும். பெட்டியில் நீங்கள் சுற்றி வைத்த உடன்குடிக் கருப்பட்டியில் கடைசி வட்டு ஒன்று இருந்தது. அதைத் தட்டிப் பொடித்துச் சலித்துப் போட்டேன். பழத்தைத் தட்டில் பரப்பி, மேலே மாவை அழுத்தாமல் தூவி, 45 நிமிஷம். ஓரத்தில் பாகு கொதித்துக் குமிழி விட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். வழிகிற பாகு கருகிப் புகையாமல் இருக்கக் கீழே இன்னொரு தட்டு. எடுத்ததும் கை வைக்காமல் கால் மணி நேரம் ஆறவிட்டால் பாகு இறுகும்.

நிறம் என்னவோ அந்த அம்மா செய்ததைவிடக் கறுப்புத்தான். ஆனால் கீழே புளிப்பும் மேலே கருப்பட்டியின் அந்தப் புகை வாசமும், பல்லில் நறநறவென்று ஓட்ஸும். மேலே ஒரு தட்டு கொண்டுபோனேன். இது என்ன சர்க்கரை என்று இரண்டு தடவை கேட்டார். பனைமரத்தையும், அறுபது எழுபது அடி உயரம் கால்நாரைப் போட்டு ஏறிப் பதநீர் இறக்குவதையும் சொன்னேன். மனுஷனா ஏறுவார் என்றார். தூத்துக்குடி மாவட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினால்தான் நம்புவார் போல.

மாமா கேட்டால் ஓட்ஸ் பலகாரம் என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். வெண்ணெயும் சர்க்கரையும் இருக்கிற இருப்புக்கு அவர் பக்கத்திலேயே வரக்கூடாது. உங்களுக்கு ஆசையாக இருந்தால் ஓவன் இல்லாமலும் செய்யலாம். மேல்மாவை இரும்புச் சட்டியில் சிறுதீயில் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். ஆப்பிளை விடுங்கள், நல்ல கனிந்த ஏத்தன் வாழைப்பழத்தை நெய்யில் வதக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தின்கிற நேரத்தில் மேலே தூவிக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் சிநேகிதி டிசம்பரில் இங்கே வருகிறாளாம். அவளிடம் இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்து அனுப்புங்கள். ஓலைப்பெட்டி வேண்டாம், துணியில் சுற்றினால் போதும். சுக்கும் கொஞ்சம்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ராத்திரி தைலம் தேய்க்கிறாளா தங்கச்சி?

அன்புடன்
உங்கள் பேரன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை அத்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். உருகிப்போன மூடி அத்தை நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தனுப்பிய டப்பாவினுடையது. டப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.