பிரசவ வார்டிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டு செவிலியர்கள் எழுதுகிறோம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்துவிட்டால், கேஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரியும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் தாய் இறப்பு ஆய்வு வரை போகும். எத்தனை மணிக்கு பி.பி. பார்த்தீர்கள், டாக்டரை எப்போது கூப்பிட்டீர்கள், ரத்தம் எப்போது வந்தது? கேட்கத்தான் வேண்டும்; தமிழ்நாட்டில் தாய் இறப்பு குறைந்ததில் இந்தக் கேள்விகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்று டூட்டியில் இருந்தவள் அப்புறம் தூங்கினாளா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போன வருடம் எங்கள் வார்டில் அப்படி ஒரு நைட் வந்தபோது அதைக் கேட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் நர்சிங் சூப்பிரண்டு மேடம். நீங்கள் அறிவுரை சொல்லவில்லை, ரோஸ்டரைக் கையில் எடுத்தீர்கள். அந்த நைட்டில் இருந்த இருவரையும் உடனே லேபர் ரூமுக்கு அனுப்பாமல் குழந்தைகள் ஓ.பி.க்கு மாற்றினீர்கள். "இது பனிஷ்மென்டா மேடம்?" என்று ஒருத்தி அழுதாள். "நீ எப்ப வரேன்னு சொல்றியோ அப்ப வா" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

மாவட்ட மனநலத் திட்ட டாக்டருக்கு. மனநல ஓ.பி. சீட்டு எடுத்தால் மறுநாள் கேன்டீன் வரை தெரிந்துவிடும், பணிப்பதிவேட்டில் ஏறிவிடும் என்பதுதான் எங்கள் பயம். நீங்கள் ஓ.பி. முடிந்தபின் எங்கள் அறைக்கே வந்து, சிகிச்சை விவரம் ரகசியம் என்று 2017 மனநலச் சட்டம் சொல்வதை வாசித்துக் காட்டினீர்கள். பர்ன் அவுட், அதாவது வேலை அழுத்தத்தில் முழுதாகச் சோர்ந்துபோவது, ஒரு நோய் அல்ல, வேலையிடத்தோடு சேர்ந்த நிலை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியது என்றும் சொன்னீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் தொடர் நைட் டூட்டியைக் குறைக்கக் கேட்டோம். (யோகா வகுப்பும் நடந்தது. நைட் முடித்துவிட்டு வந்தவர்களை உட்கார வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் நடுராத்திரி போனை எடுத்து, துருவிக் கேட்காமல் பேசிய அந்தக் குரலுக்கும் நன்றி.

டூட்டி ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தந்த தச்சர் அண்ணனுக்கு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்ட பிறகு, எங்களில் பலர் வீட்டில் நைட் டூட்டி என்றாலே சண்டை. மனநலத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் ஒரு ராத்திரி வந்து அங்கே படுத்துப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் நன்றி, எல்லோருக்கும் அல்ல, யாருக்கு என்று அவரவருக்குத் தெரியும்.

அடுத்த வேண்டுகோளையும் இங்கேயே வைத்துவிடுகிறோம். அன்று லேபர் ரூமைக் கழுவிய அக்காக்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். மறுநாளும் அதே அறையில்தான் அவர்களுக்கு வேலை. இடம் மாற்றித் தர யாரும் இல்லை. அவர்களுக்காக மனு எழுதியாகிவிட்டது. மேடம், உங்கள் கையெழுத்துதான் பாக்கி.

இப்படிக்கு,
பிரசவ வார்டு செவிலியர்கள்