டிக்ஸுக்குச் சத்து மாத்திரை: சோதிக்கும் மாதம் முக்கியம்

ஆசிரியருக்கு,

ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவது, கழுத்தை வெட்டுவது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது என டிக்ஸ் (தானாக வரும் திடீர் அசைவு, ஒலி) உள்ள பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய், மெக்னீசியம், பி6 மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் தொண்டி முதல் இராமேசுவரம் வரை உண்டு. "கொடுத்தோம், குறைஞ்சது" என்பதுதான் அவர்கள் காட்டும் சான்று. எங்கேயும் அது பலவீனமான சான்று. இந்தக் கரையில் இன்னும் பலவீனம்.

டிக்ஸ் சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். பெரும்பாலும் 5–7 வயதில் தொடங்கி, 10–12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் பலருக்குத் தணியும். ஏறியிருக்கும்போதுதான் பெற்றோர் கடைக்குப் போகிறார்கள். பிறகு அது தானாக இறங்கினாலும் பெயர் மாத்திரைக்கு!

முழுப் பரீட்சை நெருக்கடியில் டிக்ஸ் கூடுவது உண்டு. மார்ச்சில் மாத்திரையைத் தொடங்கினால், மே விடுமுறையில் குறைந்ததற்கு எது காரணம் என்று பிரிக்க முடியாது. இதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. நாட்டுப்படகு மீன் வந்தாலும் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். மீன் எண்ணெயில் உள்ள கொழுப்புச் சத்தான ஒமேகா-3, 100 கிராம் சாளையில் சுமார் 1 கிராம் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையிலோ அது பெரும்பாலும் 300 மி.கி.தான். தடைக்காலத்தில் தினம் ஒரு மாத்திரை விழுங்கும் பிள்ளைக்கு, முன்பு குழம்பில் கிடைத்ததைவிடக் குறைவாகவே ஒமேகா-3 போய்ச் சேரலாம். வாரத்தில் எத்தனை வேளை, என்ன மீன் என்று எழுதி வைக்காத ஆய்வு இங்கே வீண்.

எனவே இப்பகுதியில் சோதிக்க முன்வரும் மருத்துவர்கள் ஜூலையில் தொடங்கினால் 12 வாரம் அக்டோபருக்குள் முடியும். நடுவே வரும் காலாண்டுத் தேர்வு, சத்து மாத்திரை பெறும் குழு, மருந்தில்லா மாத்திரை பெறும் குழு இரண்டுக்கும் பொது. குழுவைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். மருந்தில்லா மாத்திரையும் பார்க்க, முகர ஒன்றுபோல இருக்க வேண்டும். கோட்டை விடுவது பெரும்பாலும் வாசனையில்தான். மீன் எண்ணெய் ஏப்பத்தில் காட்டிக்கொடுத்துவிடும். டிக்ஸுக்குச் சோதித்த இன்னொரு மாத்திரையான என்-அசிட்டைல்சிஸ்டீன் அழுகிய முட்டை வாடை அடிக்கும். எந்த மாத்திரை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் போடும் மதிப்பெண்ணும் மாறும். முடிவில், "உங்களுக்கு எது கிடைத்ததென்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதிய வேண்டும்.

டிக்ஸின் தீவிரத்தை மதிப்பெண்ணாக அளப்பதற்கு யேல் அளவுகோல் இருக்கிறது: அசைவுக்கு 25, ஒலிக்கு 25, மொத்தம் 50. கடைசிவரை ஒருவரே மதிப்பிடுவது நல்லது. டாக்டர் முன்னால் பிள்ளை அடக்கிக்கொள்ளும் என்பதால், வீட்டில் தினமும் ஒரே நேரத்தில், டிவி பார்க்கும்போது, செல்போனை ஓரமாகச் சாய்த்து வைத்து 5 நிமிடம் படம் பிடித்து எண்ணலாம். மாத்திரைக்கு முன் இரண்டு வாரமாவது இப்படி எண்ணிவிட வேண்டும். "ஏண்டா சிமிட்டுறே" என்று கேட்டால் எண்ணிக்கை கூடிவிடும், கேட்கவே வேண்டாம்.

இதுவரை கிடைத்த முடிவுகள் பெரிய நம்பிக்கை தரவில்லை. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 33 பிள்ளைகளுக்கு 20 வாரம் ஒமேகா-3 அல்லது ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். டிக்ஸ் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை, அன்றாட இடைஞ்சல் மட்டும் ஓரளவு குறைந்தது. 2016இல் 31 பிள்ளைகளுக்கு 12 வாரம், நாளொன்றுக்கு 2400 மி.கி. வரை என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தும் பயனில்லை. மாறாக, மாத்திரையே இல்லாத நடத்தைப் பயிற்சி (டிக்ஸ் வரப்போவதை உணர்ந்து வேறு அசைவால் தடுக்கப் பழக்குவது), 2010இல் 126 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 52.5 சதவீதத்தினருக்குத் தெளிவான முன்னேற்றம் தந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 18.5 சதவீதம்தான். 10 வாரத்தில் 8 அமர்வு. அதைக் கற்றுத்தரும் ஆள் நம் பக்கம் கிடைப்பதுதான் அரிது.

சத்து மாத்திரைதானே என்று அளவை ஏற்றாதீர்கள். பி6 அதிக அளவில் பல மாதம் போனால் கை கால் நரம்பு பாதித்து மரத்துப்போகும். மெக்னீசியம் கூடினால் வயிற்றுப்போக்கு. டாக்டர் எழுதிய மருந்தை இதற்காக நிறுத்தவும் கூடாது.

ஆய்வு என்று சொல்லி யாராவது பிள்ளையைச் சேர்க்கக் கேட்டால், சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயது முதல் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நரம்பியல், மனநலப் பணியில் உள்ள சிலர்,
இராமநாதபுரம்.