பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பேரவைக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், கழகத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களுக்கும், என்னுடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். தலைமையாசிரியர் என்ற முறையில் கழகத்தின் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், சென்ற கல்வியாண்டின் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஓர் இரங்கல். நம் பள்ளியின் இரவுக் காவலராகப் பல ஆண்டுகள் இருந்த பெரியவர் கார்த்திகை மாதம் மறைந்தார். இரவுப் பணிக்கு வந்தவர், மாலை ஐந்து மணிக்கே வாசலுக்கு வந்துவிடுவார். சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி மாணவி பஸ் ஏறும்வரை அங்கேயே நிற்பார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொன்னதில்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தத்துப் பள்ளிகளுக்கு ஒரு பெருமை உண்டு. 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது நம் தொகுதி. அவர் ஆட்சிக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று அவரவரால் முடிந்ததை ஊரார் பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஜூலை 15 அன்று கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடும்போதெல்லாம் அந்த ஊரார்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். இன்று மேசை நாற்காலிக்கு அரசிடம் கேட்கலாம், கிடைக்கிறது. ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள் படிக்கும் இந்தப் பள்ளியில் பற்றாக்குறையாக இருப்பது பெரியவர்களின் நேரம்தான்.

ஒரு வகுப்பாசிரியரின் காலைப் பொழுதைச் சொல்கிறேன். வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவு. அதைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி. வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததால் உதவித்தொகை வராத மாணவிக்கு ஒரு கடிதம். சைக்கிள் வழங்கும் பட்டியலில் பெயர் திருத்தம். இவ்வளவும் முடித்துச் சாக்பீஸைக் கையில் எடுக்கும்போது முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும். அந்தப் பாதியை ஆசிரியருக்கு மீட்டுக் கொடுப்பதையே இந்த ஆண்டு கழகத்தின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டோம்.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் கழகக் கூட்டங்களை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டினேன். வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். தறியில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கும், தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாய்க்கும் பதினொரு மணிக் கூட்டம் என்றால் அரை நாள் கூலி போகும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. சென்ற ஆகஸ்டு முதல் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். பீடி சுற்றும் அம்மாக்கள் முறத்தோடு வந்து, இலை வெட்டிக்கொண்டே பேசலாம் என்றும் சொன்னோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குகிறவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வது நியாயமில்லை. அந்த முதல் ஞாயிறே ஜமக்காளம் போதாமல், வகுப்பறைப் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டோம்.

இந்த ஆண்டின் முக்கியமான கேள்வியும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தது. ஓர் அம்மா, முறத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "டீச்சரம்மா, என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ஏன் என்று நீங்கள் யாராவது கேட்டீர்களா?"

நாங்கள் கேட்டதில்லை. மறுநாள் மாலை கடைசி மணி அடித்ததும் பள்ளி வாசலில் நின்று, வெளியே போகும் மாணவிகளின் பாட்டில்களைப் பார்த்தேன். புத்தகப் பையின் பக்கவாட்டில் செருகிய பாட்டில்கள், ஒன்றன் பின் ஒன்றாக, கழுத்து வரை நிறைந்த தண்ணீரோடு என்னைக் கடந்து போயின. வேலூர் மாவட்டத்து வெயிலில், தகரக் கூரையின் கீழ் எட்டுப் பாடவேளை உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். கழிப்பறைக்குப் போக நேர்ந்துவிடுமே என்று தண்ணீரைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். இருந்த கழிப்பறைகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் குழாயில் தண்ணீர் வராது. மாதவிடாய் நாட்களில் பல பிள்ளைகள் விடுப்பு எடுத்துவிடுவார்கள். அதை வருகைப் பதிவேட்டில் வெறும் 'வயிற்றுவலி' என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்.

இதற்காகப் பெரிய திட்டம் எதற்கும் நாங்கள் காத்திருக்கவில்லை. குழாய் வேலை தெரிந்த ஒரு தந்தையும் கொத்தனாரான ஒரு தந்தையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறைக்குத் தனிக் குழாய் இழுத்தார்கள். எல்லாக் கதவுகளுக்கும் உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. அணையாடை போட மூடியுள்ள வாளிகளைக் கழகம் வாங்கியது. தூய்மைப் பணியாளருக்கு அரசு தரும் ஊதியம் அவர் உழைப்புக்குப் போதாது. அதனால் கழக நிதியிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கிறோம், இரண்டு வேளை சுத்தம் செய்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு அம்மாக்கள் முறைவைத்து வந்து பார்த்து, குறையை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த நோட்டை நான் அன்றே படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. இப்போது இடைவேளையில் குடிநீர்க் குழாயடியில் மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஆண்டு என் மனம் நிறைந்த காட்சி அந்த வரிசைதான்.

இடைநிற்றல் பற்றி. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிறகு சில பிள்ளைகள் திரும்பி வரவில்லை. முன்பெல்லாம் ஆசிரியர்கள் தொலைபேசியில் கூப்பிடுவோம், 'அனுப்புகிறோம்' என்று பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும். இம்முறை அந்தந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெற்றோர் இருவர் ஓர் ஆசிரியரோடு வீட்டுக்கே போனார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெங்களூருவில் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போயிருந்தான். தந்தை இல்லை. அவன் அனுப்பும் பணத்தில்தான் மளிகைக் கடன் அடைகிறது என்றார் பாட்டி. நம் உறுப்பினர்கள் அவரிடம் கல்வியின் பெருமையைப் பேசவில்லை. மளிகைக் கடைக்காரரிடம் போய்த் தவணை கேட்டார்கள். தாயின் விதவை உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நின்றிருந்ததைக் கண்டுபிடித்து, கூடவே அலைந்து முடித்துக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்த பையன் திரும்பிப் போகவில்லை. விட்டுப்போன பாடங்களைக் கணித ஆசிரியை மதிய இடைவேளையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இன்று அவன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான்.

எல்லோரையும் அழைத்து வந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு ஊர் மாறிப் போனவர்கள் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வீட்டில் திருமண ஏற்பாடு நடந்தபோது, நம் கழகத்து அம்மா ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தார். திருமணம் நின்றது, அந்தப் பெண் தேர்வும் எழுதினாள். அழைத்தவர் யார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். தெருவில் அவர் பட்ட பேச்சு எனக்குத் தெரியும். அவருக்கு என் வணக்கம்.

பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு நவம்பரிலிருந்து மாலைச் சிறப்பு வகுப்பு நடத்தினோம். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஆறு மணிக்கு இயற்பியல் ஏறாது. ஆகவே கழகத்தின் சார்பில் நாள்தோறும் சுண்டல் கொடுத்தோம். திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் பச்சைப்பயறு, புதன் தட்டைப்பயறு என்று முறை. பயறு வாங்க வணிகர்கள் உதவினார்கள். ஊறவைத்து வேகவைத்துத் தாளித்துக் கொண்டுவந்தவர்கள் அம்மாக்கள். மார்ச் 3 அன்று பிளஸ் டூ தேர்வு தொடங்கிய பிறகும், பத்தாம் வகுப்புக்கு ஏப்ரல் 15 அன்று தேர்வு முடியும்வரையும் இது நிற்கவில்லை. கடைசி வாரங்களில் சுண்டலோடு நீர்மோரும் வந்தது.

சிறப்பு வகுப்பு முடிந்து கிராமத்துப் பிள்ளைகள் வீடு திரும்ப பஸ் வேண்டும் என்று மூன்று முறை மனு கொடுத்தோம். மாலை நடையை அரை மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். இன்றுவரை நடக்கவில்லை. ஆட்டோ ஓட்டும் தந்தைகள் நால்வர் முறைவைத்து மாணவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். டீசல் காசு கொடுத்தபோது இருவர் வாங்க மறுத்தார்கள். ஆனாலும் அவர்களின் நல்ல மனத்தை நம்பி இன்னோர் ஆண்டு ஓட்டக் கூடாது என்பது என் கருத்து. மனுவை இந்தப் பேரவையின் தீர்மானமாக மீண்டும் அனுப்ப வேண்டும்.

இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால், மாதம் 18,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். அவருக்கு இரண்டு மாதம் ஊதியம் வரத் தாமதமானது. கைக்குழந்தையோடு தொலைவிலிருந்து வந்து போகிறவர். கழகம் முன்பணம் கொடுத்து, பிறகு பெற்றுக்கொண்டது. அவர் நடுவில் நின்றிருந்தால் நம் பிள்ளைகளின் செய்முறைத் தேர்வு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

விண்ணப்பங்களைப் பற்றிச் சொன்னேன். கணினி தெரிந்த பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஓர் உதவி மேசை நடத்தினார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் திருத்தம் எல்லாம் அங்கே நடந்தன. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒரு சான்றிதழ் தாமதத்தால் அந்த வாய்ப்பை இழந்த பிள்ளைகளை முந்தைய ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு ஒருவர்கூட அப்படி விடுபடவில்லை. கல்லூரி செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதை, மகளை மேலே படிக்கவைக்கத் தயங்கிய வீடுகளுக்கு இந்த மேசைதான் எடுத்துச் சொன்னது.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும்போது பெற்றோர் ஆசிரியர் கழகம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குழு, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் பிறந்தது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டவும் அரசிடம் கேட்கவும் அதற்கு உரிமை இருக்கிறது. 2024இல் அதை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. கழகத்துக்கு உறுப்பினர் எண்ணிக்கை வரம்பு இல்லை, யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். ஃபெஞ்சல் புயல் மழையில் ஆய்வகக் கூரை ஒழுகியபோது, பழுதுபார்க்கக் குழு தீர்மானம் போட்டது. அன்றிரவே நுண்ணோக்கிகளைத் தூக்கி மேல்மாடிக்குக் கொண்டுபோனவர்கள் கழகத்தார். இரண்டும் வேண்டும். இனி இரு கூட்டங்களையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளத் தலைவி அவர்கள் இசைந்திருக்கிறார்.

வைகாசி முதல் நாள் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அதையொட்டிப் பள்ளியில் அவர்களைக் கூட்டினோம். நன்கொடை கேட்கவில்லை. ஆளுக்கொரு பிளஸ் டூ மாணவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, தாம் பார்க்கும் வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். செவிலியர், லாரி உரிமையாளர், வங்கி ஊழியர், கைலி ஏற்றுமதி செய்பவர் எனப் பலர் வந்தனர். போகும்போது பலர் தாமாகவே நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா கட்ட இயலாத எந்தப் பெற்றோரிடமும் இந்த ஆண்டு இரண்டாம் முறை கேட்கவில்லை. மாற்றுச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ அதற்காக நிறுத்தி வைக்கவும் இல்லை. இது எழுதிவைத்த விதியாகவே இருக்கட்டும் என்று முன்மொழிகிறேன்.

நிலுவையில் இருப்பவை: மாலை பஸ், தகரக் கூரை வகுப்பறைகள் ஆறு, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கழிப்பறை, சுற்றுச்சுவரின் மேற்குப் பக்கம். தந்தையர் வருகை இன்னும் குறைவு. முறைவைத்துச் செய்யும் வேலைகளை ஏறக்குறைய முழுவதும் அம்மாக்களே சுமக்கிறார்கள். வரும் ஆண்டின் கழிப்பறைக் கண்காணிப்பு நோட்டும் சுண்டல் பட்டியலும் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. பெயர் எழுதக் கட்டங்கள் போட்டிருக்கிறோம். போகும் முன் அப்பாக்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
பெற்றோர் ஆசிரியர் கழகம்