டீசல் எஸ்யூவியில் கரி அடைப்பு: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

டீசல் எஸ்யூவி வாங்கி அதை நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களை வாட்டும் ஒரு பழுதைப் பற்றி எழுதுகிறோம். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே புள்ளிகள் நிறைந்த ஒரு பெட்டிதான் அதன் படம். சர்வீஸ் சென்டருக்குப் போனால், "டிபிஎஃப் அடைச்சிருக்கு சார், நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று பதில் வரும். டிபிஎஃப் என்று, புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருப்பதையே பலர் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்தது. டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் வெளியிடலாம் என்றிருந்த வரம்பு 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. அந்த விதியைத் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அது தேவை. அந்த வரம்புக்காகப் புகைக்குழாயில் பொருத்தப்பட்ட டிபிஎஃப் வடிகட்டியை வைத்துச் சமாளிக்கும் வழியைச் சொல்லாமல் வண்டிக்காரரைத் தனியாக விட்டதுதான் எங்கள் குறை.

டிபிஎஃப் என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை. அதன் ஒவ்வொரு கண்ணறையும் ஒரு முனையில் அடைபட்டிருக்கும். அதனால் புகை சுவர் வழியாகக் கசிந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது புகையின் சூட்டிலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக எரியும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் அந்தச் சூடு வராது. கரி ஓர் அளவைத் தாண்டியதும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கப் பார்க்கும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம். இதற்கு 15 முதல் 20 நிமிடம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் அது நடக்குமா? பாதியில் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம் (ஐடிலிங்) வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததும், மைலேஜ் இறங்கியதும், வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டே இருந்ததும், சூடான வாடை அடித்ததும் எதற்கென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் ஆயிலுக்குத்தான் கேடு. கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடும். மட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்காது, தண்ணீராக ஓடும். முகர்ந்தால் டீசல் நாற்றம். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று பழகிய நம் ஆட்களுக்கு, கூடினால் ஆபத்து என்பது உறைப்பதில்லை. நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தேய்த்துவிடும். அளவு மிகவும் ஏறினால் இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே அந்த ஆயிலையே இன்ஜின் உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். பிறகு சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது. மேல் கோட்டுக்கு மேலே ஆயில் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது சாம்பல் குறைவாக விடும், ஐரோப்பிய கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி வகை ஆயிலில், கையேடு சொல்வதை மட்டும் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், ஆயில் விட்ட சாம்பலை எரிக்க முடியாது.

எல்லா அடைப்பும் ஓட்டும் விதத்தால் வருவதில்லை. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் கரி பெருகும். டர்போ தரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் சின்னக் கீறல், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றாலும் அதே கதைதான். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாய் வெடித்தால், கரி நிலவரம் இசியூவுக்குத் தப்பாகவே போய்ச் சேரும். பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரியும்போதோ டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போதோ ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது. இவற்றைப் பார்க்காமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும். வண்டிக்காரர் இரண்டாவது முறையும் காசு கட்டுவார்.

இதை வெறும் பராமரிப்புச் செலவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடைப்பு முற்றினால் இசியூ இன்ஜினைக் காப்பாற்ற இழுவையை வெட்டி மெதுவாக மட்டும் ஓடவிடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காமல் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரீஜெனரேஷன் ஓடும் வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம்.

எனவே கேட்கிறோம். கரி எத்தனை சதவீதம் என்ற கணக்கு இசியூவில் ஏற்கெனவே இருக்கிறது. பழுது பார்க்கும் ஸ்கேனரை மாட்டினால் தெரிகிறது. அதை மீட்டரிலேயே காட்டவும், ரீஜெனரேஷன் ஓடும்போது 'இப்போது அணைக்காதீர்கள்' என்று எழுத்தில் சொல்லவும் எல்லா டீசல் வண்டிகளிலும் கட்டாயமாக்குங்கள். தினசரி ஓட்டம் பத்து கிலோமீட்டருக்குள் என்றால் டீசல் வேண்டாம் என்று தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிட்ட ஒரு தாளை, பணம் வாங்குவதற்கு முன் ஷோரூம் தரட்டும். வாரண்டியை மறுக்கும் சர்வீஸ் சென்டர், கரி அளவு, கடைசியாக எரித்து முடித்தது எத்தனை கிலோமீட்டருக்கு முன், பாதியில் நின்ற முறைகள், அழுத்த வித்தியாசம் ஆகிய நான்கையும் ஸ்கேனரிலிருந்து அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். 'உங்கள் ஓட்டம் சரியில்லை' என்ற வாய்ப்பேச்சு ஆதாரம் ஆகாது.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற வைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் மாடலுக்கு 1,250 புகார்கள் சேர வேண்டும். அப்படி ஒரு புகார்க் கணக்கு இருப்பதே தெரியாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்? ஆர்சி புத்தகத்தோடு அதற்கான வழிமுறையையும் கொடுங்கள். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு மாடல் வாரியாகப் புகார்களை எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது, நீங்களும் வையுங்கள். ஓடும்போது இழுவை போவதைப் பாதுகாப்புக் குறைபாடு என்றே பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. செலவுக்குப் பயந்து வடிகட்டியின் உட்புறத்தை உடைத்தெடுத்து, அது இல்லாததைக் கண்டுகொள்ளாதபடி இசியூவின் மென்பொருளை மாற்றி (ரீமேப் செய்து) ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி தப்பு. அந்தப் புகையை அக்கம்பக்கத்தார்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான நம் பியூசி சோதனை புகையின் கருமையைத்தான் அளக்கிறது. நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் உடைத்தெடுத்த வண்டியும் அதில் தேறிவிட முடியும். நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இல் துகள்களின் எண்ணிக்கையை எண்ணும் கருவியைச் சோதனைக்குக் கொண்டுவந்தன. அந்தக் கருவியைப் பியூசி மையங்களுக்கும் கொண்டுவாருங்கள். முதலில் மீட்டரில் கரி அளவு, பிறகு இந்தச் சோதனை என்ற வரிசையில் கொண்டுவாருங்கள். எச்சரிக்கையே பெறாதவரிடம் அபராதம் மட்டும் வாங்குவது நியாயமில்லை.

இப்படிக்கு,
டீசல் வண்டிகளை ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களும்