சமூகவியல் கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் எல்லைப் பஞ்சாயத்துகளில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும், நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதலமடை வரை ஒரே பேச்சுதான்: சயன்ஸ் கிடைக்குமா, காமர்ஸாவது கிடைக்குமா. ஹியூமானிட்டீஸ் என்றால் வீட்டில் எழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. சமூகவியலை விரும்பிக் கேட்கிற பிள்ளையிடமும், "அதைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்கிறோம். பிளஸ் டூவில் அந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்பதால் இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தப் பாடம் நமக்கு அந்நியமானதல்ல. பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இந்தியச் சமூகவியலாளர்களைப் பற்றிய பாடத்தைத் திறந்தால் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் வருகிறார். 1861இல் பிறந்த பாலக்காட்டுக்காரர். குமாஸ்தாவாகத் தொடங்கி ஆசிரியரானவர். 1902இல் கொச்சி திவான் கேட்டுக்கொண்டதால் சமஸ்தானத்து மக்களைப் பற்றிய ஆய்வில் இறங்கினார். நம் சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானத்தில்தான் இருந்தது. இங்குள்ள காடுகளில் வாழ்ந்த எரவாளர் என்னும் பழங்குடியினரைப் பற்றியும் அவர் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2002இல், குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நம் தாலுகாவின் பிளாச்சிமடையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு முன்னால் நின்ற மயிலம்மா அதே எரவாளர் சமூகத்துப் பெண். 2004இல் ஆலையின் உற்பத்தி நின்றது. எவரோ எழுதி வைத்த மக்கள், தாங்களே பேச எழுந்தது எப்படி? பன்னிரண்டாம் வகுப்பில் சமூக இயக்கங்கள் பற்றிப் படிக்கும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் இதைக் கேட்டுவரலாம். டெல்லிப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

ஒரு மாணவியின் களஆய்வைச் சொல்கிறேன். மாம்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரு பாட்டியிடம், "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டிருக்கிறாள். "என் மகன்தான்" என்றார் பாட்டி. ரேஷன் அட்டையிலோ பாட்டியின் பெயர். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டின் மூத்த பெண்தான் அட்டைக்குத் தலைவர். "டீச்சர், எதை எழுதுவது?" என்று வந்து நின்றாள். இரண்டையும் எழுதச் சொன்னேன். அவள் அதோடு விடவில்லை. மறுபடியும் போய், கூலிப் பணம் யார் கையில் தங்குகிறது, ஆடு விற்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். சட்டம் தருகிற உரிமைக்கும் வீட்டில் நடக்கிற அதிகாரத்துக்கும் உள்ள தூரத்தை நான் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

சாதி பற்றிய பாடம் வரும்போது மட்டும் சில வீடுகளிலிருந்து புகார் வருகிறது. பிள்ளைகள் மனத்தில் ஏன் நஞ்சை விதைக்கிறீர்கள் என்கிறார்கள். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதைப் பள்ளிக்கு வருமுன்பே பிள்ளை கற்றுவிடுகிறது, அதுவும் நம்மிடம்தான். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் ஆதிக்க சாதி என்று எதைச் சொன்னார், ஆள்பலமும் நிலமும் அரசியல் செல்வாக்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று படிக்கிற பிள்ளைதான் ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் பயப்படக் கூடாது.

வேலை பற்றிய கவலை நியாயமானது. சட்டம், சமூகப்பணி, பத்திரிகை, ஆசிரியப் பணி எல்லாவற்றுக்கும் இந்த அடித்தளம் உதவும். குடிமைப் பணி முதன்மைத் தேர்விலும் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம்; இரண்டு தாள், 500 மதிப்பெண்.

உண்மையான இடர் மொழிதான். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையின் கையில் பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகம் வந்து விழுகிறது. தன் தெருவில் தினமும் பார்க்கிற விஷயத்தைத் தேர்வுத்தாளில் சொல்லத் தெரியாமல் தவிக்கிறது. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வேண்டியதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே சங்கங்களிடம் இரண்டு கோரிக்கைகள். உங்கள் பள்ளியின் ஹியூமானிட்டீஸ் பாடக்கூட்டில் சமூகவியல் இல்லையென்றால், அதைச் சேர்க்கக் கோரி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுக் கல்வித் துறைக்கு அனுப்புங்கள். இருக்கிற பள்ளிகள், பாடச் சொற்களுக்கு விளக்கத்துடன் தமிழில் ஒரு துணைநூல் வேண்டும் என்று கேளுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன். நூல் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் அந்த வேலைக்கும் வருகிறேன்.