தேங்கும் சிறார் வழக்குகளும் மெத்தனம் என்ற பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த சிறார் வழக்குகள் பற்றிய கட்டுரையை முழுவதும் படித்தேன். நிருபர் அலைந்து திரிந்துதான் எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நடுவில், வழக்குகள் தேங்குவதற்கு, 18 வயதாகாத பிள்ளைகள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் அலுவலக ஊழியர்களின் மெத்தனமும் காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி. தொகுப்பூதியத்தில் ஒரு குழுமத்தில் உதவியாளராக இருந்தவள் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எங்கள் குழுமத்தில் அலுவலக ஊழியர் என்றால் நான் ஒருத்திதான். கணினியில் ஏற்றுவதும், வழக்குக் கட்டுகளைத் தேதிவாரியாக எடுத்து வைப்பதும், சம்மன் அனுப்பிவிட்டு அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காவல் நிலையத்துக்குப் போன் போடுவதும், பையனின் அம்மாவுக்கு வாய்தா தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் ஒரே கைதான். குழுமத்துக்குத் தலைமை வகிக்கும் மாஜிஸ்திரேட்டான நடுவருக்குத் தம் நீதிமன்ற வேலையும் உண்டு என்பதால் குழும அமர்வு வாரத்தில் சில நாள்தான். அன்று சமூகப் பணியாளர் உறுப்பினர்களில் ஒருவர் இடம் காலியாக இருந்தால் அதற்கும் பதில் சொல்வது நான்தான்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும். காரணம் எழுதி இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கையே முடித்துவிட வேண்டும். பிள்ளையின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கை, பிள்ளையை முதன்முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளில் வர வேண்டும். இத்தனை கெடுவும் கடந்துவிடாமல் நோட்டில் குறித்து வைத்து நினைவூட்டுகிறவர் ஒருவர் இல்லையென்றால் சட்டப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கும்.

வயதுச் சான்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 18 ஆகவில்லை என்பதற்குப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று வேண்டும். அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை. பள்ளிக்கு எழுதும்போது வெறும் கவரில் போட்டு ஒட்டி, 'தலைமை ஆசிரியர் மட்டும் பிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதுவேன். குழுமத்தின் முத்திரை குத்திய கடிதம் பள்ளி அலுவலக மேஜையில் பிரிந்து கிடந்தால், அந்தப் பையன் மறுபடி வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார முடியுமா? எந்த விதியும் சொல்லாமல் நானாகச் செய்தது இது. இதையா மெத்தனம் என்கிறீர்கள்?

சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் மாவட்டப் பதிப்பிலேயே ஒரு பையனின் தெருப் பெயரும் பள்ளியின் பெயரும் அச்சாகி வந்தன. வழக்கில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தத் தாய் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "நீங்கதானம்மா கொடுத்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கேட்டு வந்த நிருபரிடம் கட்டைக் காட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். அவள் நம்பினாளோ என்னவோ.

இன்னொருவன் போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, சரிபார்ப்பில் பழைய வழக்கு கிளம்பியதால் ஓடி வந்தான். சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலமோ விதிகள் சொல்லும் காலமோ கழிந்ததும் பதிவேடுகளை அழிக்க வேண்டும். அழிக்க ஆள் வேண்டாமா? எதை அழிப்பது, எதை வைப்பது என்று கட்டு கட்டாகப் பார்த்துப் பட்டியல் போட வேண்டாமா? பூட்டு சரியில்லாத ஒரே பீரோவில் அத்தனை பிள்ளைகளின் பழைய கட்டுகளும் கிடந்தன. புது பீரோ கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

குழுமங்களிலும், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கான குழந்தைகள் நலக் குழுக்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்புங்கள் என்று 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1920லேயே குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில், மூன்று பேர் வேலையை ஒருத்தியிடம் தள்ளி, சம்பளத்தையும் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, தாமதம் என்றதும் அவளையே கைகாட்டுவது எனக்கு ஆறவே இல்லை.

நான் கேட்பது இரண்டுதான். அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். மாவட்டவாரியாகக் குழுமங்களில் எத்தனை உதவியாளர் இடங்கள் அனுமதிக்கப்பட்டவை, எத்தனை காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடும்படி தங்கள் நிருபரிடம் சொல்லுங்கள். மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான்.

இப்படிக்கு,
முன்னாள் உதவியாளர், இளைஞர் நீதிக் குழுமம்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)