சகேயு யாருக்குத் திருப்பிக் கொடுத்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தையொட்டி, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியதாகப் பைபிளில் (லூக்கா 19) வருகிற வரி வசூல் தலைவர் சகேயுவைப் பற்றி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. எரிகோ ஊர், குள்ளமான ஆள், காட்டத்தி மரம், இயேசு அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டது, ஆஸ்தியில் பாதியை அவர் ஏழைகளுக்குக் கொடுத்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் அதே வசனத்தின் பின்பாதி, அதாவது யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னது, ஒரே வரியோடு போய்விட்டது. கட்டுரை எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நம் ஊர்ப் பிரசங்கங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பாதியைக் கொடுத்ததைப் பற்றிப் பேசினால் காணிக்கைப் பை நிறையும், நாலு மடங்கைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் சிலருக்கு முகம் மாறும்.

அந்த நாலு மடங்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது மோசேயின் சட்டம், லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும் யாத்திராகமம் 22 விதிக்கிற தண்டனை. சகேயுவை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை, இருபது சதவீதத்தோடு முடித்திருக்கலாம், ஆனாலும் ஆட்டுத் திருடனுக்குரியதைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதி ஏழைகளுக்குப் போனபின் மீதிப் பாதியிலிருந்துதான் நாலு மடங்கும் போக வேண்டும், அப்படியானால் மொத்த ஆஸ்தியில் எட்டில் ஒரு பங்கு அநியாயமாக வந்திருந்தாலே கை காலி. வரி வசூலிக்கிற ஆயக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் கணக்குத் தெரியாமலா பேசியிருப்பார்?

ஏழைகளுக்குக் கொடுப்பதைத்தானே முதலில் சொன்னார் என்று கேட்கலாம். சரி, முதலில் சொன்னார், ஆனால் அதைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடவில்லையே. யாரிடம் பிடுங்கினாரோ அவருக்குப் போக வேண்டியதை வேறு ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளவில்லை.

நம் சபைகளில் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுத்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, அவருக்கும் சித்தாள்களுக்கும் சேர வேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை. இவர் சொந்தக் கையிலிருந்து சித்தாள்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கை ஒரு பழைய டைரியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். தராமல் இழுத்தடிக்கிற கான்ட்ராக்டரின் பெயர் ஒரு ஆலயத்தில் கருப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் இருக்கிறது, 'அன்பளிப்பு' என்று. விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுத்து, அதைத் திரும்பவும் ஏலத்துக்கே விட்டுவிட்டுப் போகிற தாராள மனசுக்காரர் அவர். சபையார் கைதட்டுவார்கள். கொத்தனாரும் அதே சபைதான், கைதட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

இதில் கமிட்டிக்காரர்களையும் ஆயர்களையும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் இதற்கு முறையே சொல்லியிருக்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்க வேண்டும், அவன் இல்லாமல் வாங்கிக்கொள்ள இனத்தாரும் இல்லாமல் போனால்தான் அது ஆசாரியனுக்கு. வரிசையில் ஆலயம் கடைசியில் நிற்கிறது! நாம் அதை முதலில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொன்னதும் இதே வரிசைதான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்தில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் 1838-இல் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. 2017-இல், பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியும் இயேசு சபையும், விற்கப்பட்டவர்களின் சந்ததியாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். 2019-இல் மாணவர்களே வாக்கெடுப்பு நடத்தி, பருவத்துக்கு ஆளுக்கு 27 டாலர் 20 சென்ட் கட்டணமாகவே கட்டி அந்தச் சந்ததியாருக்காகச் செலவிடலாம் என்று பெருவாரியாக முடிவு செய்தார்கள், அந்த 272-ஐ நினைத்துத்தான் அந்தத் தொகை. நிர்வாகமோ கட்டணம் வேண்டாம், நன்கொடை திரட்டித் தருகிறோம் என்றது. பணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் கட்டணம் என்றால் பட்ட கடன், நன்கொடை என்றால் கொடுக்கிறவன் தயவு. மாணவர்கள் சிலர் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிறகு 2021-இல் இயேசு சபையினர் சந்ததியாரோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள். தாமதம்தான், ஆனாலும் யாருக்குக் கடன்பட்டோம் என்பதையாவது சரியாகச் சொன்னார்கள்.

யாரை ஏமாற்றினோம் என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். ஆளைத் தேடாமலே தெரியவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம், அது ஒருபக்கம் இருக்கட்டும். வரி ஏய்ப்பு மாதிரியானதற்கு அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. விட்டுப்போன வருமானத்தைத் தாமாகக் காட்டி அப்டேட்டட் ரிட்டர்ன் போடும் வசதி 2022 முதல் வருமான வரியில் இருக்கிறது, மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் 12 மாதத்துக்குள் போட்டால் வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மோசே கேட்டதைவிட ஐந்து சதவீதம்தான் அதிகம்!

காணிக்கை கொடுக்கிற ஒவ்வொருவரையும் ஆயர் விசாரிக்க முடியுமா என்பார்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் ஊருக்கே தெரிந்த கூலிப் பாக்கி இருக்கிறவர் கல்வெட்டுக்குப் பணம் கொண்டுவந்தால், முதலில் அதைப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் ஐயா என்று சொல்ல ஒரு கமிட்டிக்குத் தெம்பு வேண்டும். இந்த வருடம் சகேயுவைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் அன்றைக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடமாக எண்ணாகமம் 5:5 முதல் 8 வரை வாசிக்க வைக்கலாம். நாலே வசனம், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை